கிம்பர்லைட் என்று எழுதச் சொன்ன பாறை

போனில் சொன்ன பெயர்

சண்முகவேல் அண்ணாச்சி ஸ்வீட் பெட்டியோடு எங்கள் லேபுக்குள் நுழைந்தபோது, நான் அவருடைய பாறையைத்தான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஒங்க முதலாளி ராகவன் சார் போன்ல சொல்லிட்டாக. கிம்பர்லைட்டாமே! முதல்ல இத எடுத்துக்கிடுங்க" என்று பெட்டியைத் திறந்து நீட்டினார்.

நான் எடுத்துக்கொள்ளவில்லை. அறிக்கையில் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அது மட்டும் இல்லை, வைரத்தைச் சுமந்து வரும் கிம்பர்லைட் பாறையில் நான் எதிர்பார்ப்பது எதுவும் அந்தக் கண்ணாடித் தகட்டில் தென்படவும் இல்லை.

"அண்ணாச்சி, இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வேலை முடியல" என்றேன்.

"சார் சொல்லிட்டாகளே?"

"சார் கல்லைக் கையில வச்சுப் பாத்துச் சொல்லியிருப்பாரு. உள்ளே பாக்கணும்ல."

அவர் முகம் சுருங்கியது. பெட்டியை மூடி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "வர்ற வாரம் கூட்டம் வச்சிருக்கேன் மேடம். அழைப்பு எல்லாருக்கும் போயாச்சு. அதுல கிம்பர்லைட்னு போட்டாச்சு" என்றார்.

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பாறைக்குப் பெயர் வைப்பது புத்தக வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு வாரம் தூக்கம் வராமலும் சோறு இறங்காமலும் போனதற்குக் காரணம் அந்தப் புத்தக வேலைதான்.

எங்கள் லேப் ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருக்கிறது. கீழே இரும்பு கடையும்போது மேலே மேசை லேசாக அதிரும். பெரும்பாலும் எங்களுக்கு வருவது கிரானைட், ஜல்லி, மெட்ரோ வேலைக்கான பாறை. வைரம் சம்பந்தப்பட்ட கோர் எப்போதாவதுதான் வரும். கோர் என்றால் டிரில் போட்டு நிலத்துக்கு உள்ளிருந்து எடுக்கும் உருளைக் கல். அதிலிருந்து ஒரு சீவலை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்தால் தின் செக்‌ஷன். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னென்ன கனிமம் இருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை. முப்பது வருடத்துக்கும் மேலாக இதைச் செய்தேன்.

அண்ணாச்சிக்குத் தி.நகரில் நகைக்கடை. குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு இடத்தில் வைரம் தேட ஒரு கம்பெனி உரிமம் எடுத்திருந்தது. அதில் பங்கு சேரத் தன் தொழில்காரர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். வாங்கி விற்கிற கல்லை மண்ணிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது அவருக்குப் பல வருட ஆசை. கடையில் அவருக்குச் சரிபாதிப் பங்காளியான மைத்துனர் முத்துக்குமாருக்கு இதில் துளியும் விருப்பம் இல்லை. "இது சரியா வரலேன்னா கடையப் பிரிச்சிருவோம்னு சொல்லிட்டான்" என்று அண்ணாச்சி போகும்போது சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தகட்டில் என்ன இருந்தது

வைரம் கிம்பர்லைட் போன்ற பாறைகளில் பிறப்பதில்லை. அது பூமிக்குள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் கீழே, நெடுங்காலம் முன்பே உருவாகிக் கிடப்பது. அதற்கும் கீழிருந்தோ அந்த ஆழத்திலிருந்தோ ஒரு எரிகுழம்பு வேகமாகக் கிளம்பி வரும்போது, வழியில் அதையும் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறது. அப்படி வந்து உறைந்த பாறைகளில் இரண்டுதான் முக்கியமானவை. ஒன்று கிம்பர்லைட், இன்னொன்று லாம்ப்ராய்ட். கிம்பர்லைட் என்ற பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். லாம்ப்ராய்ட் என்றால் வைரம் விற்பவர்களே "என்ன லைட்டு?" என்பார்கள்.

கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஏமாற்றும். கறுப்பும் பச்சையுமாக, உருண்டையான ஆலிவின் கனிமக் கட்டிகள் பதிந்து, ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். எங்கள் முதலாளி ராகவன் சார் அதைப் பார்த்துத்தான் பெயரைச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் ஆந்திராவில் வைரப் பாறைகள் உள்ள வஜ்ரகரூர்ப் பக்கமெல்லாம் வெயிலில் அலைந்த மனிதர்.

வித்தியாசம் கட்டிகளில் இல்லை, கட்டிகளுக்கு நடுவே இருக்கும் பொடியில் இருக்கிறது. கிம்பர்லைட்டாக இருந்தால் அந்தப் பொடியில் கால்சைட், மான்டிசெல்லைட், பெரோவ்ஸ்கைட் என்ற கனிமங்கள் தெரிய வேண்டும். எனக்கு முன்னால் இருந்த தகட்டில் செம்பழுப்பு மைக்கா அகலம் அகலமாகப் படர்ந்திருந்தது. அதற்குள் சின்னச் சின்ன வட்ட உருவங்கள். லூசைட் என்ற கனிமம் இருந்து, பிறகு மாறிப்போன தடம் மாதிரி இருந்தன. ஒரு மூலையில் ஊசி ஊசியாக ஏதோ ஒன்று. மைக்ராஸ்கோப்பின் மேடையைச் சுழற்றினால் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. கிம்பர்லைட்டில் வராத ரிக்டரைட் என்ற கனிமமாக இருக்கலாம். இருந்தால் இது கிம்பர்லைட் அல்ல, லாம்ப்ராய்ட்.

'இருக்கலாம்' என்பதுதான் என்னை வதைத்தது. பாறை சிதைந்திருந்தது. ஊசிகள் மிக மெல்லியவை. காலையில் பார்த்தால் ரிக்டரைட். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சந்தேகம். எழுந்து ஜன்னல் வரை நடந்து, திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன்.

இன்னும் சில தகடுகள் வேண்டும் என்று கல் அறுக்கும் டில்லியிடம் போனேன்.

"இன்னா மேடம், மறுபடியுமா? கல்லு உதிர்ந்துக்கினே கீது. கம்மு போட்டுக் காய வைக்காம தொட முடியாது."

"எப்போ கிடைக்கும் டில்லி?"

"நீங்க இப்டி வந்து வந்து நின்னுகினு இருந்தீங்கன்னா லேட்டாவும். போய் டீ குடிங்க மேடம்."

போனேன். டீக்கடையில் பாதி கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"உன் பேர்ல போட்டுக்கோ"

புதுத் தகடுகளிலும் அதே மைக்கா, அதே வட்டங்கள். ராகவன் சாரை அழைத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"மைக்கா ஜாஸ்தியா இருக்கு. அதனால என்ன? மைக்கா இருக்கிற கிம்பர்லைட் இல்லையா?"

"இருக்கு சார். ஆனா மான்டிசெல்லைட் எங்கேயும் இல்ல. கால்சைட் இருக்கிறதும் பின்னாடி விரிசல்ல வந்த மாதிரி இருக்கு."

"பன்னா வைரச் சுரங்கப் பாறைக்கு ஆளாளுக்கு எத்தனை பேரு வெச்சிருக்கா தெரியுமோ? கிம்பர்லைட்ன்னா, லாம்ப்ராய்ட்ன்னா, ஆரஞ்சைட்ன்னா. இன்னும் சண்டை போட்டுண்டிருக்கா. வைரம் என்னமோ அது பாட்டுக்கு வந்துண்டுதான் இருக்கு. நம்ம நாட்டுப் பாறை எல்லாமே ரெண்டுங்கெட்டான். ஒரு வார்த்தைக்கு ஏன் இந்தப் பாடு படுத்தற?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. நான் கோருடன் வந்திருந்த டிரில்லிங் பிளானை எடுத்து அவர் முன் விரித்தேன்.

கிம்பர்லைட் பெரும்பாலும் கேரட் கிழங்கு மாதிரி செங்குத்தாகக் கீழே இறங்கும். நடுவில் ஆழமாகத் துளை போட்டால் ஆழத்திலும் வைரம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த பிளானில் எல்லாத் துளைகளும் நடுவில், ஆழ ஆழமாகக் குறிக்கப்பட்டிருந்தன. லாம்ப்ராய்ட் அப்படி இல்லை. வாய் அகன்ற கிண்ணம் மாதிரி ஆழம் குறைவாக இருக்கும். முதலில் வெடித்துச் சிதறி விழுந்த சாம்பல் பாறை ஓரங்களில் தங்கும், அதை டஃப் என்போம். வைரம் இருந்தால் பெரும்பாலும் அதில்தான். நடுவில் கடைசியாக வந்து குளம்போலத் தேங்கி உறைந்த பாறையில் அநேகமாக ஒன்றும் இருக்காது.

"இவங்க நடுவுல மட்டும் தோண்டுவாங்க சார். ஒண்ணும் கிடைக்காது. மூடிட்டுப் போயிடுவாங்க. ஓரத்துல என்ன இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்."

சார் பிளானைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார், மறுபடி ஏற்றினார். "நான் அந்த மனுஷன்கிட்ட சொல்லிட்டேனேம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. பிறகு திடீரென்று கோபம் வந்தது. "சரி, ஒனக்கு அவ்வளவு நிச்சயம்ன்னா உன் பேர்ல போட்டுக்கோ. என் கையெழுத்து அதுல வேண்டாம்."

நிச்சயம் இல்லை என்பதுதான் பிரச்சினை. ப்ரோப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ப்ரோப் என்பது ஒரு சின்னக் கனிமத் துகளுக்குள் எலக்ட்ரான் கற்றையைக் குத்தி, அதில் என்னென்ன தனிமம் எவ்வளவு என்று காட்டும் கருவி. தரமணிப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அவர் மாடிப்படி இறங்கிப் போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று தகடுகளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காத்திருந்த நாட்கள்

ப்ரோப்புக்கு வரிசை இருந்தது. கெஞ்சி ஒரு இடம் வாங்கிக்கொண்டு வந்தேன். அதன்பின் செய்வதற்கு எதுவும் இல்லை.

அடையாறு வீட்டில் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி அதையே எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேனாம். என் கணவர் சொல்லித்தான் தெரியும். அவர் ராயப்பேட்டையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கல்லைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். அன்று கேட்டார்.

"ஷாஹிதா, நீ சொல்றது தப்பாப் போனா என்ன ஆகும்?"

"வேலை போகலாம். அது பரவாயில்ல. ஆனா ஓரத்துல தோண்டச் சொல்லி, வைரம் நடுவுல இருந்துட்டா?"

"நீ சொல்லாம விட்டா?"

நான் கழுவிய பாத்திரத்தை மறுபடி குழாயடியில் நீட்டினேன்.  அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அண்ணாச்சி தினமும் போன் செய்தார். முதலில், "ரிப்போர்ட் ரெடியா மேடம்?" அப்புறம், "ஏதும் சிக்கலா மேடம்?" கடைசியில், "ஒரு வார்த்தைதான, கிம்பர்லைட்னு போட்டுக் குடுத்தா ஒங்களுக்கு என்ன குறைஞ்சு போவும்?"  அவர் மிரட்டவில்லை. கிட்டத்தட்ட அழுகிற குரலில் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாள் தரமணியிலிருந்து மெயில் வந்தது. மைக்காவில் டைட்டானியம் அதிகம், அலுமினியம் குறைவு. துகளின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக அலுமினியம் இன்னும் குறைந்தது. ஊசிகள் பொட்டாசியம் நிறைந்த ரிக்டரைட். லாம்ப்ராய்ட்தான். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. இனி அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல வேண்டுமே.

அண்ணாச்சியின் கடை மாடியில்

மெயிலைச் சாருக்கும் அனுப்பிவிட்டு, உடனே தி.நகருக்குப் போனேன். பனகல் பார்க் அருகே ஆட்டோ நகரவே இல்லை. இறங்கி நடந்தேன். கடைக்கு மேலே அவருடைய அறையில் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"அப்ப வைரம் இல்லேங்கியளா?"

"அப்படிச் சொல்லல அண்ணாச்சி. வைரம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கிம்பர்லைட்டா இருந்தாலும் தெரியாது. உலகத்துல கிடைச்ச கிம்பர்லைட்டுல முக்காவாசிக்கு மேல ஒண்ணுமே இல்லாததுதான். ஆனா நீங்க தோண்டப்போற இடம் தப்பு. அது தெரியும்."

அவர் மேசையைத் தட்டினார். "நாளைக்கு வாரவங்கள்லாம் போன்ல கிம்பர்லைட்னு தேடிப் பாத்துட்டு வாரவங்க. பேர மாத்துனா ஒருத்தன் நிக்கமாட்டான். முத்துக்குமாரு வாசல்லயே சிரிப்பான்."

அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நானும் நின்றுகொண்டே இருந்தேன். கீழே கடையில் யாரோ வளையல் போட்டுப் பார்க்கும் சத்தம் கேட்டது. கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, "நீங்களே வந்து சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது" என்றார்.

மறுநாள் ஒரு சின்ன ஹாலில் கூட்டம். எல்லாரும் நகைத் தொழில்காரர்கள். ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினால் அதன் குறையை வாசலில் இருந்தே சொல்லக்கூடியவர்கள். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. ப்ரொஜெக்டர் வேறு சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு படத்தைப் பலகையில் வரைந்தேன், ஒரு கேரட், ஒரு கிண்ணம். எது எங்கே தங்கும் என்று சொன்னேன்.

முத்துக்குமார் முன்வரிசையில் எழுந்தார். "ஏம்மா, ஒரு கேள்வி. முதல்ல மண்ணுல கார்னெட் கல்லே இல்லேன்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. வைரம் இருக்கிற இடத்துல கார்னெட் இருக்கணும்னு சொன்னதும் ஒங்க ஆளுங்கதான். இப்ப கிம்பர்லைட்ங்கிற பேரும் இல்லேங்கீங்க. மிச்சம் என்னதான் இருக்கு?"

"கார்னெட்டும் இல்மனைட்டும் கிம்பர்லைட்டுக்கு அடையாளம் சார். லாம்ப்ராய்ட்டுல அது பல சமயம் ரொம்பக் குறைவாத்தான் இருக்கும். க்ரோமைட்டைத்தான் தேடணும். கார்னெட் இல்லைங்கிறது இந்தப் பாறைக்குக் கெட்ட சேதி இல்ல."

"அப்டியா? அப்ப ஒங்க முதலாளியே கிம்பர்லைட்னு அண்ணாச்சிகிட்ட சொன்னாரே, அது எப்டி? அவருக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரியுமோ?"

ஹாலில் சிலர் சிரித்தார்கள்.  சாரை விட்டுக்கொடுத்துப் பேசவும் மனம் வரவில்லை, பொய் சொல்லவும் முடியவில்லை. சாக்பீஸை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டு நின்றேன்.

"அதை நான் சொல்றேன்."

பின்வரிசையில் ராகவன் சார். அவர் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. நடந்து முன்னால் வரவில்லை, இருந்த இடத்திலேயே நின்றார்.

"கிம்பர்லைட்ன்னு சொன்னது நான்தான். கல்லைக் கையில் வெச்சுண்டு, போன்ல சொன்னேன். தப்பு. நேத்து சாயந்திரம் ப்ரோப் ரிசல்ட்டை உக்காந்து ஒவ்வொண்ணா பார்த்தேன். இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. ரிப்போர்ட்ல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.  

முத்துக்குமார் சேரவில்லை. அன்றே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரோடு இன்னும் சிலரும் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் கம்பெனியிடம் பேசி, துளைகளை ஓரத்துக்கு மாற்ற வைத்தார்கள்.

கடைசியில்

ஓரத்தில் டஃப் இருந்தது. அதை ரசாயனத்தில் கரைத்ததில் சில துகள்கள் மிஞ்சின. வைரம். ஒரு சின்னக் குப்பியில் எங்கள் லேபுக்கு வந்தன. அண்ணாச்சி ஓடி வந்தார். வாழ்நாள் முழுக்க வைரத்தோடு புழங்கியவர், மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. முனை மழுங்கிய ஒரு எண்முகப் படிகம், மூலையில் லேசாகக் கரைந்த தடம். யாரும் அறுக்காதது, யாரும் பட்டை தீட்டாதது.

"கண்ணுக்கே தெரிய மாட்டேங்கே மேடம்" என்றார். சிரித்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

பெரிய அளவில் மண் எடுத்துப் பார்த்தபோது, சுரங்கம் போடுகிற அளவுக்கு வைரம் தேறவில்லை. கம்பெனி அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இப்படித்தான் பெரும்பாலும் முடியும். அண்ணாச்சியும் முத்துக்குமாரும் கடையைப் பிரித்துக்கொண்டார்கள். இப்போது எதிரெதிர் சாரியில் இரண்டு கடைப் பலகைகள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அண்ணாச்சியைக் கடையில் பார்த்தேன். நான் கேட்க நினைத்ததை அவரே சொன்னார்: "நல்ல இடத்துல தோண்டி இல்லேன்னு ஆயிப்போச்சு. அது சரி. நடுவுல தோண்டிட்டு மூடிட்டுப் போயிருந்தா, ஓரத்துல இருந்திருக்குமோ இருந்திருக்குமோன்னு நான் சாகிறவரைக்கும் பொரண்டு பொரண்டு படுத்திருப்பேன்லா?"

நான் ஓய்வு பெறும்வரை ராகவன் சார் எந்த வாடிக்கையாளருக்கும் போனில் பெயர் சொல்லவில்லை. என்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசவும் இல்லை. வைரக் கோர் வரும்போதெல்லாம் அவரே தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைப்பார்.

பாறையின் பெயரை எழுதும்போது நிச்சயம் முழுதாக வராது. வரும் என்று காத்திருக்காதீர்கள். அந்தப் பெயரை நம்பி ஒருவர் எந்த இடத்தில் துளை போடப்போகிறார் என்பதை மட்டும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்த்தால் நிம்மதியாக உட்கார முடியாது. உட்கார வேண்டாம். மறுபடி தகட்டை எடுத்து மேடையில் வையுங்கள்.